பாக்கெட்டுக்குள் என்ன இருந்தது?

கும்பகோணத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவர் அவர். ஆனால், வீட்டில் மனைவியின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு அந்த அம்மா இறந்தபோது, யாரோ வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித்தான் மாலை போட்டார்கள். "ஊரையே படம் புடிச்ச மனுஷன்..." என்று ஆரம்பித்த உறவினர் ஒருவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

சென்ற வருடம் பரணை ஒழித்தபோது பழைய யாஷிகா கேமரா பெட்டிக்குள் இரண்டு 120 ரோல்கள் கிடைத்தன. ஒன்று பிரிக்காதது. இன்னொன்று எடுத்து முடித்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டியது. அதன் மேல் அவர் கையெழுத்திலேயே 'லைட் டெஸ்ட் - 1998' என்று இருந்தது.

பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டுடியோவுக்குப் புது விளக்கு வாங்கினால், மனைவியைத்தான் முக்காலியில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்ப்பார். வாடிக்கையாளர்களின் ரோல்கள் முதலில் கழுவப்படும். காசு வராத ரோல் கடைசியில். அந்தக் 'கடைசி' வராமலேயே டிஜிட்டல் வந்து, ஸ்டுடியோவும் மூடப்பட்டுவிட்டது.

இரண்டுமே ஊட்டியில் தயாரான 'இந்து' ஃபிலிம். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் தயாரிப்பு. அந்த ஆலையும் இப்போது மூடிக் கிடக்கிறது.

ஃபிலிமைக் கழுவ டெவலப்பர் வேண்டும். அவர் வழக்கமாக வாங்கியது 'டி-76' பாக்கெட். தெரிந்த கடைகளுக்கெல்லாம் போய்க் கேட்டார். ஒரு கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். இன்னொரு கடையில் இருந்த பையன், "அது என்ன சார், பிரின்டர் இங்க்கா?" என்று கேட்டான். மாற்றாக வேறு எதை வாங்குவது என்று சொல்லக்கூட யாரும் இல்லை.

வாடிய முகத்தோடு திரும்பியவரிடம், கல்லூரியில் வேதியியல் படிக்கும் பேத்தி சாதாரணமாகக் கேட்டாள். "தாத்தா, அந்தப் பாக்கெட்டுக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

அவருக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் முறை பிரித்துக் கொட்டியிருக்கிறார். வெள்ளைத்தூள் என்பதைத் தாண்டி யோசித்ததில்லை.

பேத்தி போனில் தேடினாள். அதில் ரகசியம் எதுவும் இல்லை. 1920-களில் சினிமா ஃபிலிமுக்காக கோடாக் உருவாக்கிய கலவை அது. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இல்ஃபோர்டு நிறுவனத்தின் 'ஐடி-11' பாக்கெட்டும் ஏறக்குறைய இதேதான். பெயர்தான் வேறு.

அவள் வாசிக்க வாசிக்க, அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினாறு வயதில் தொழில் பழகப் போன ஸ்டுடியோவில், முதலாளி இதே பெயர்களைத்தான் சொல்லிச் சொல்லி எடை போடச் சொல்வார். அப்போது பாக்கெட் கிடையாது, தராசுதான். பிறகு பாக்கெட் வந்ததும் நிம்மதியாகத் தராசைத் தூக்கிப்போட்டார்கள். தராசோடு அந்த அறிவும் போய்விட்டது.

ஆனாலும், பேத்திக்கு வேறு ஆசை. "தாத்தா, காபித்தூள்லயே ஃபிலிம் கழுவலாமாம்!"

"டிகிரி காபி ஊர்ல இருந்துட்டு இதையும் கேக்கணுமா?" என்று சிரித்தார். ஆனால், அது உண்மைதான். காபியில் உள்ள சில அமிலப் பொருள்கள், காரத்தோடு சேரும்போது டெவலப்பராக வேலை செய்யும். லிட்டருக்கு இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம் என்பது பலரும் பயன்படுத்தும் அளவு. சிக்கரி கலந்தால் அந்த அளவுக்குக் காபியின் பங்கு குறையும். கடையில் சலவை சோடா கிடைக்கவில்லை. பேத்தி, சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் ஆப்பசோடாவைக் கொட்டி நன்றாக வறுத்தாள். சூட்டில் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிவிட, மிஞ்சுவது சலவை சோடாதான்.

பிரிக்காத ரோலைக் கேமராவில் போட்டு, வீட்டு வாசலைப் படம் எடுத்தார்கள். இருட்டில் ஒரு துண்டு மட்டும் வெட்டிக் காபியில் கழுவினார்கள். பதினைந்து நிமிடம். வாசல் தெரிந்தது! ஆனால், பழைய ஃபிலிம் என்பதால் படம் முழுக்கப் புகை மூடியதுபோல் இருந்தது. காபியின் பழுப்புக் கறை வேறு.

"வேலை செய்யுது. ஆனா, உங்க அப்பாயி ரோலை இதுல விட மாட்டேன்" என்றார் அவர்.

முதலாளியின் வழிக்கே திரும்பினார். ஆய்வகங்களுக்கு விற்கும் கெமிக்கல் கடையில் மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் கிடைத்தன. சல்ஃபைட் கேட்டால் சல்ஃபேட்டை எடுத்து வைத்தார்கள். ஓர் எழுத்து மாறினால் மொத்தமும் பாழ் என்று பேத்தி லேபிளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். போராக்ஸுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. நகைப் பட்டறையில் பற்றவைக்கும்போது போடும் வெங்காரம்தான் அது! பத்து கிராம் கொடுத்த பத்தர், எடை போடத் தன் தராசையும் கொடுத்தனுப்பினார்.

கையுறை போட்டுக்கொண்டு கலந்தார்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். வெதுவெதுப்பைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் முதலில் மெட்டால், பிறகுதான் சல்ஃபைட். வரிசை மாறினால் மெட்டால் சரியாகக் கரையாது. மாறியபோதெல்லாம் முதலாளி தலையில் குட்டியது ஏனென்று, அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

எது எதற்கு என்று பேத்தி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். படத்தை முதலில் எழுப்புவது மெட்டால். அதற்கு அழுத்தம் கொடுப்பது ஹைட்ரோகுயினோன். காற்றுப்பட்டுக் கெடாமல் காப்பது சல்ஃபைட். இவற்றையெல்லாம் வேலை செய்யவைப்பது வெங்காரம். பழைய ஃபிலிமின் புகையை அடக்க, பொட்டாசியம் புரோமைடு மிகக் கொஞ்சம் சேர்த்தார்கள்.

குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. வேண்டியதோ 20. ஐஸ் கட்டிகள் போட்ட வாளிக்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி இறக்கினார்கள். மூன்று துண்டுகள் வெட்டிச் சோதித்து நேரத்தை முடிவு செய்த பிறகே, 1998 ரோலை எடுத்தார். இருட்டில் ஒட்டுத்தாளைப் பிரிக்கும்போது கை நடுங்கியது. இதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஹைப்போவிலிருந்து ஃபிலிமை வெளியே எடுத்தபோது, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. பன்னிரண்டு படங்களில் மூன்று போய்விட்டன. ஒன்பது இருந்தன.

பேத்தி ஒரு போனில் வெள்ளைத் திரையை ஒளிரவிட்டு, நெகட்டிவை அதன் முன்னால் பிடித்து, இன்னொரு போனில் படம் எடுத்துக் கறுப்பை வெள்ளையாக மாற்றினாள். முக்காலியில் அந்த அம்மா. ஒன்றில் வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்குகிறார். ஒன்றில் சிரிக்கிறார். கடைசிப் படத்தில் பாதி எழுந்துவிட்டார். வாய் எதையோ சொல்கிறது.

"அப்பாயி என்ன திட்றாங்க?"

"சோறு குழையுதுன்னு சொல்லியிருப்பா" என்றவர், அதற்கு மேல் பேசவில்லை.

சுவரில் இப்போது அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. மாலை போடும் படத்தில் இப்படியா எழுந்து நிற்பது என்று சிலர் கேட்டார்கள். அவர் மாற்றவில்லை.

மிச்சமிருந்த டெவலப்பரைக் காற்று புகாமல் விளிம்புவரை ஊற்றி, சிறிய பழுப்பு பாட்டிலில் மூடி வைத்திருக்கிறார். மேலே ஒட்டிய தாளில் பெயர் எதுவும் எழுதவில்லை. உள்ளே இருப்பவற்றை மட்டும், எடையோடு வரிசையாக எழுதியிருக்கிறார்.