பெரிய பின் எதற்கு?

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் முப்பது வருடத்துக்கு முன் உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கியது. கனமான இரும்புப் பெட்டி. பையன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். பாட்டுக்குக் கீழே 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை.

ஃபில்டர் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். அது கெட்டிருந்தால் 100 ஹெர்ட்ஸில் இரையும். இதுவோ அதைவிடக் கட்டையான 50 ஹெர்ட்ஸ். ஒயரைப் பிடுங்கினால் சத்தம் நின்றது. கம்ப்யூட்டருக்குப் பதில் செல்போனை மாட்டிப் பார்த்தேன், சுத்தமாகப் பாடியது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு ஹால் பிளக்கில் ஒரு எர்த்து, கம்ப்யூட்டருக்கு அடுத்த அறையில் இன்னொரு எர்த்து. நடுவில் ஆடியோ ஒயரின் ஷீல்டு இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்குகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே இருக்கும் சிறு வோல்டேஜ் வித்தியாசம் அந்த வளையத்தில் ஓடி ஸ்பீக்கரில் முனகுகிறது.

நான் செய்தது என்ன தெரியுமா? ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த்துப் பின்னைக் கழற்றிவிட்டேன். சத்தம் போச்சு! ஒரு வாரம் ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை தூசி தட்டுவதற்காக வீட்டுக்காரம்மா அந்த ஆடியோ ஒயரை உருவிவிட்டுப் பெட்டியைத் தொட்டிருக்கிறார். "ஏங்க, சுர்ருனு இழுக்குது" என்றார். "ஈரக் கையா இருக்கும்" என்றேன். எப்பேர்ப்பட்ட பதில் பாருங்கள், அதுவும் முப்பத்தோரு வருடம் இயற்பியல் எடுத்தவனிடமிருந்து.

மறுநாள் மோட்டார் பார்க்க வந்தவன் என் பழைய மாணவன். (பெயர் போடாதீங்க சார் என்றான்.) பிளக்கைப் பார்த்தான். பேசாமல் டெஸ்டரைப் பெட்டியில் வைத்தான், பளிச்சென்று எரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் வயசாகிக் கசிகிறதாம். இத்தனை நாள் எர்த்து அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது. பின் போனபிறகு அந்த மெல்லிய ஆடியோ ஷீல்டு வாங்கியிருக்கிறது. அதையும் உருவினால் தொடுகிற ஆள்தான் பாக்கி. இன்சுலேஷன் முழுசாகப் போனால் பெட்டி முழுக்க 230 வோல்ட்.

"சார், அந்தப் பெரிய பின் ஏன் நீளமா இருக்குன்னு கேட்டு, தெரியலைன்னதும் என்னைப் பெஞ்சு மேல ஏத்துனீங்க. முதல்ல மாட்டணும், கடைசியா கழலணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

நான் என்னத்தைச் சொல்ல. அடுத்த வாரம் பேரன் வருகிறான், தவழ்கிற வயசு. அந்தப் பெட்டி இருப்பது தரையோடு தரையாக.

டிரான்ஸ்ஃபார்மரை அவனே மாற்றினான். புது பிளக் போட்டான். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகியதும் இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு, ஆடியோ ஒயர் நடுவில் ஒரு சின்ன ஐசோலேட்டர் மாட்டினான். சில நூறு ரூபாய்தான். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், பாட்டை மட்டும் விடும். கூலி வாங்க மாட்டேன் என்று அடம், காபியோடு சரி.

இப்போதும் ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் லேசாகக் கரகரக்கிறது. அந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டரின் வேலை அது. பாட்டு கேட்கும்போது ஃபேனை ஃபுல்லில் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரம்மா போர்வையோடு வந்து உட்காருகிறார்.