ஊறல்

சங்கப் பாடல்களில் மலைக்குறவர் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேறல் வருகிறது. தேறல் எனக்குக் கல்லூரியில்தான் அறிமுகம். வீட்டில் புழங்கிய சொல் ஊறல்.

நான் பிறந்தது கல்வராயன் மலையின் மேற்குச் சரிவில். வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் எல்லாவற்றையும் பானைத் தண்ணீரில் போட்டு மண்ணில் புதைத்து வைப்பார் அப்பா. புளித்து நுரை அடங்கியதும் காய்ச்சுவார். அடுப்பில் ஊறல் பானை, மேலே குளிர்ந்த நீர் நிறைந்த சட்டி. ஆவி சட்டியின் அடியில் பட்டுச் சொட்டும். அதில் கொஞ்சம் பாறைமேல் ஊற்றிப் பற்றவைப்பார். நீலமாக எரிந்தால், தான் ஒரு வாய் குடித்த பிறகே அடுத்தவருக்கு. "நெருப்பு பொய் சொல்லாதுடா" என்பார்.

1886இன் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்கு, அனுமதியும் வரியும் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது எங்கள் சேலம் ஜில்லாவில், 1937 அக்டோபர் 1இல். அப்போது குடிப்பதும் குற்றமாயிற்று. 2003இல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறையாக விற்க வந்தது. இப்போது குடிக்கலாம், காய்ச்சக் கூடாது. காரணங்கள் மாறின. ‘கள்ள’ என்ற அடைமொழி மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பா இரண்டு முறை சிறைக்குப் போனார். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை தொழில் ‘விவசாயம்’ என்று எழுதினேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். கொன்றது மெத்தனால். எந்த ஊறலிலும் விளைந்ததல்ல, ஆலைகளுக்கான ரசாயனம். "உங்க மலைச் சரக்கா சார்?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் சொன்ன குரல் அந்தப் பழைய ‘விவசாயம்’ எழுதிய கையினுடையது.

மலையைப் புனிதமாக்க எனக்கு மனமில்லை. பானை பேரலாகி, சாராயம் கேன்களில் அடிவாரம் இறங்கியபோது, குடிப்பவன் முகம் காய்ச்சியவனுக்குத் தெரியாமல் போயிற்று. அப்பாவும் அப்படி விற்றிருக்கிறார். என் கல்லூரிக் கட்டணம் அதில் வந்தது.

மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். அப்பா இதை அறியாமலே போய்ச் சேர்ந்தார். நெருப்பை மட்டும் நம்பியிருந்தால் அவரும் ஏமாந்திருப்பார். அவர் செய்ததில் பொருட்படுத்த வேண்டியது, அடுத்தவருக்குத் தருமுன் தானே குடித்த அந்த ஒரு வாய்தான். கேன்கள் இறங்கத் தொடங்கியபின் அவர் அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை.