பிரசல்ஸ் நகரின் நிலத்தடி நிலையம்



2019ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில், பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரசல்ஸ் நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே பணிபுரியும் என் தம்பி மகன் அழைத்திருந்தான்.

புறப்படுவதற்கு முந்திய நாள், நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய மகள் நம் பள்ளியின் பழைய மாணவி. "ஐயா, பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்ப எனக்கு வசதியில்லை. மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். "வந்து பேசுவோம்" என்றேன். உரிய விடை அப்போது எனக்கே தோன்றவில்லை.

பிரசல்ஸ் நகரின் நடுவில் டி புரூக்கேர் என்னும் நிலத்தடி நிலையம் உள்ளது. ஒரு தளத்தில் மெட்ரோ ரயில் வந்து நிற்கிறது. மற்றொரு தளத்தில் டிராம் வண்டி வந்து நிற்கிறது. நிலத்துக்கடியில் டிராம் எதற்கு என்று வியந்தேன். அதன் வரலாற்றைக் கேட்டறிந்தேன்.

மெட்ரோ முழுவதையும் ஒரே காலத்தில் அமைப்பது பெருஞ்செலவு. ஆகவே, பிற்காலத்தில் மெட்ரோ ஓடுவதற்கு ஏற்ற அளவிலேயே சுரங்கத்தைத் தோண்டி, கையிலிருந்த டிராம் வண்டிகளை அதில் முதலில் ஓடவிட்டனர். 17.12.1969இல் அந்தச் சேவை தொடங்கியது. 20.9.1976இல் அதே சுரங்கத்தில் மெட்ரோ ரயில் ஓடியது.

அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு சுரங்கமும் திறக்கப்பட்டது. சென் என்னும் ஆற்றை மூடுவதற்காக 1867 முதல் 1871 வரை கட்டிய பழைய வளைவுகள், ஆறு வேறு வழியில் திருப்பப்பட்டபின், அச்சுரங்கத்திற்குப் பயன்பட்டன. நான் சென்றபோதும் அதில் டிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும், மாலையில் வேலை முடிந்த மக்கள் அதிலேறித்தான் வீடு திரும்பினர்.

திரும்பி வந்ததும் அந்த அன்பரின் வீட்டிற்குச் சென்று, கண்டதையெல்லாம் கூறினேன். "ஐந்தாம் படிவம் வரை படிக்கட்டும், ஐயா. வழி இருந்தால்தானே பின்னால் வண்டி வரும்?" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சரிங்க ஐயா" என்றார்.

அப்பெண் ஐந்தாம் படிவத்தை முடித்தாள். ஈராண்டுகள் கடையொன்றில் வேலை செய்து பணம் சேர்த்தாள். இன்று தாதியர் பயிற்சி பெறுகிறாள்.

பெற்றோர்களே! முழுச் செலவுக்கும் பணமில்லையே என்று பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்திவிடாதீர்கள். இன்று இயன்றதைச் செய்யுங்கள். நாளை வருவதற்கும் இடம் விட்டுவையுங்கள்.