கணுவுக்கு மேலே

கம்பளையில் எங்கள் வீட்டுப் பின்வளவு ஓர் ஓடையில் போய் முடிகிறது. ஓடைக்கரையில் நிற்கிறது மஞ்சள் மூங்கில் பற்றை. மஞ்சள் தண்டில் பச்சைக் கோடுகள். ஒரு கோடு விரல் அகலம், பக்கத்துக் கோடு நூல் மாதிரி. புதிதாக வருகிறவர்கள், "யார் பெயின்ட் அடிச்ச?" என்று கேட்பார்கள். இரண்டு மூன்று கணுவுள்ள ஒரு துண்டை மண்ணில் படுக்க வைத்து இதை உண்டாக்கியவர் என் உம்மும்மா.

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கினால், சில வாரங்களில் மண்ணைப் பிளந்துகொண்டு குருத்து எழும்பும். பலா மரம் போல மூங்கில் வருடா வருடம் பருப்பதில்லை. வெளியே வரும்போது என்ன பருமனோ, கடைசிவரை அதேதான். உயரமும் சில மாதங்களிலேயே வளர்ந்து முடிந்துவிடும். இலையே இல்லாத குருத்துக்கு இவ்வளவு உணவு எங்கிருந்து? பக்கத்தில் நிற்கும் மூத்த தண்டுகள் மண்ணுக்கடியால் ஊட்டுகின்றன. குருத்தை மூடிய மடலில் கரிய சுணை இருக்கும். கை பட்டால் அரித்தெடுத்துவிடும்.

ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் புதுத் தண்டுகள் கிளை விரித்து நிற்கும். தை பிறந்து வெயில் ஏறினால் இலைகள் பழுத்து உதிரும். அவற்றைக் கூட்டி எரிக்க உம்மும்மா விடமாட்டார், பற்றையின் அடியிலேயே பரப்பச் சொல்வார். வெட்டுவதும் இந்த வறண்ட காலத்தில்தான். மூன்று வயது தாண்டி நிறம் மங்கிய தண்டுகளை மட்டும் நடுவிலிருந்து எடுப்போம். இளசை வெட்டினால் சீக்கிரம் உளுத்துப் போகும்.

சென்ற வருடம் அடுத்த வீட்டுத் தம்பிக்கு டெங்கு கண்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். 2017இல் நாடு முழுவதும் 180,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்த அதே காய்ச்சல். சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்தார். எங்கள் பற்றைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். கூலிக்கு வந்த ஒருவர் இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டிவிட்டுப் போன அடிக்கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பையாக இருந்தன. மழைத்தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

எந்த நுளம்பு அவனைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய உம்மா வேலிக்கு அப்பால் நின்று எங்கள் பற்றையைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"வேரோட புடுங்கி எறிவோம் உம்மா" என்றார் என் உம்மா.

"புடுங்கினா கரையும் சேந்து போயிரும் மகள். வெள்ளம் வரக்குள்ள மண்ணப் புடிச்சி வெச்சிக்கிறதே இதுதான்" என்றார் உம்மும்மா.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வாப்பா வாளை எடுத்தார். ஒவ்வொரு அடிக்கட்டையையும் கணுவுக்குச் சற்று மேலே மறுபடி அறுத்தார். கணுவுக்குள் தட்டு மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறது. அதை ஒட்டி வெட்டினால் தண்ணீர் தேங்க இடமில்லை. வாள் எட்டாதவற்றை நானும் தங்கச்சியும் மணலால் நிரப்பினோம். நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு வாரமளவே போதும். அதனால் சனிக்கிழமை தோறும் டோர்ச்சோடு பற்றையைச் சுற்றி வருவது என் வேலையாயிற்று.

அல்ஹம்துலில்லாஹ், தம்பி சுகமாகி வீட்டுக்கு வந்தான். எங்கள் இரண்டு வீட்டாரிடையே பேச்சு திரும்பத்தான் நாளானது.

இந்த வருடம் மாசி மாதத்தில் அவனுடைய உம்மா எங்கள் வளவுக்கு வந்தார். மாங்காய் பறிக்கக் கொக்கத்தடிக்கு ஒரு மூங்கில் வேண்டுமாம். வாப்பா நல்ல முற்றிய தண்டாகப் பார்த்து வெட்டினார். அவர் முதலில் குனிந்து, வெட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, "அடுத்த மழைக்கு எனக்கும் ஒரு துண்டு தாங்க, எங்கட பக்கத்துக் கரையும் கரையுது" என்றார்.