'விளம்பரம் செய்யாதீர்!' - சென்னையின் சுவரும் மணலும் வாசலும்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் சுற்றிக்காட்ட எல்லோர் வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். வள்ளுவர் கோட்டம், மெரினா, பெசன்ட் நகர் கடற்கரை. இதே இடங்கள் இன்னொரு பட்டியலிலும் வரும். கோபம் வந்தால் இந்த ஊர் போய் நிற்கும் இடங்களின் பட்டியல் அது. இந்த முறை அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையைச் சுற்றிவரலாம், வாருங்கள்.

முதலில் வள்ளுவர் கோட்டம். 1976-ல் திறக்கப்பட்டது. திருவாரூர்த் தேரின் சாயலில் கல்தேர், உள்ளே 1,330 குறள்களும் பொறித்த மண்டபம் என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால், செய்தித்தாள் படிப்பவர்களுக்கு 'வள்ளுவர் கோட்டம்' என்றதும் நினைவுக்கு வருவது, 'அருகே ஆர்ப்பாட்டம்' என்ற அடுத்த இரண்டு சொற்கள்தான். ஆசிரியர்கள், சத்துணவு ஊழியர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று இங்கே வெயிலில் நிற்காதவர்கள் குறைவு. ஷாமியானா, இரண்டு குழாய் ஸ்பீக்கர், எதிரே இரும்புத் தடுப்பு, ஓரமாக போலீஸ் வேன். எந்தக் கட்சி ஆண்டாலும் காட்சி மாறுவதில்லை.

இப்படி நிற்கவும் விண்ணப்பம் போட வேண்டும். 1888-ம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஐந்து நாள் முன்னதாகவே அனுமதி கேட்க வேண்டும். அதற்கான ஆணை 15 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம், இன்னும் ஓய்வுபெறவில்லை.

அனுமதி இல்லாமல் உட்கார்ந்தால்? நம்மூருக்கே உரிய ஒரு வழக்கம் இருக்கிறது. கைது செய்து, வேனில் ஏற்றி, பக்கத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு, மாலையில் விட்டுவிடுவார்கள். தாலி கட்டும் மண்டபம் ஒரு பகலுக்குச் சிறையாகிவிடும். கோரிக்கை நிறைவேறியதா என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைய நாள் கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

அங்கிருந்து நுங்கம்பாக்கம் வழியாக அண்ணா சாலைக்கு வந்தால் சுவர்களைக் கவனியுங்கள். சென்னையில் சுவர் என்பது ஒரு செய்தித்தாள். கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, தலைவர் பிறந்தநாள், கண்டன ஆர்ப்பாட்டம் எல்லாமே மைதாப் பசையில் ஒட்டிக்கொண்டு வரும். தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரை எழுதி இடம் பிடித்துவைப்பதும் பழைய வழக்கம். இதையெல்லாம் தடுக்கவென்று 1959-லேயே திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதற்கு எதிராக ஒரு சட்டம் வந்துவிட்டது. 'விளம்பரம் செய்யாதீர்' என்ற எச்சரிக்கை எழுதாத அரசுச் சுவர் உண்டா? அதன் மேலேயே போஸ்டர் ஒட்டியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

சட்டத்தால் முடியாததை வர்ணத்தால் செய்யப் பார்த்தது மாநகராட்சி. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளில் போஸ்டருக்குத் தடை விதித்து, சுவர்களில் பரதநாட்டியம், மாமல்லபுரம், கிராமத்துக் காட்சிகள் என்று வரையச் செய்தார்கள். காம்பவுண்டு சுவரை யாரும் அசுத்தம் செய்யாமலிருக்க நாம் சாமி டைல்ஸ் பதிக்கிறோமே, அதே யுக்திதான். அழகான ஓவியத்தின் மேல் பசை தடவ மனசு வராது. சாலை பளிச்சென்று ஆனது உண்மை. நடிகர் பட போஸ்டரோடு கண்டன போஸ்டரும் போனது என்பதும் உண்மை.

அடுத்து மெரினா. உழைப்பாளர் சிலையருகே சற்று நில்லுங்கள். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த இந்தச் சிலை 1959-ல் இங்கே வந்தது. அதற்கும் முன்னால், 1923-ல், சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியது இதே சென்னைக் கடற்கரையில்தான். சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் நடந்த திலகர் திடலும் இந்த மணலில்தான் இருந்தது. கொஞ்சம் நடந்தால் கையில் சிலம்போடு கண்ணகி நிற்கிறாள். அரசனிடமே நியாயம் கேட்டவளை 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி இங்கே நிறுத்தினார்கள். 2001-ல் அகற்றினார்கள். 2006-ல் மறுபடி அதே கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். சிலையாக நின்றும் அவளுக்கு அலைச்சல் ஓயவில்லை.

2017 ஜனவரி 17 முதல் ஒரு வாரம் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இங்கே கூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனோம். சாப்பாட்டுப் பொட்டலம் கைமாறியது, குப்பையைப் போராட்டக்காரர்களே பொறுக்கினார்கள். அவசரச் சட்டம் வந்தது. 23-ம் தேதி காவல்துறை கூட்டத்தைக் கலைத்தபோது வன்முறையும் தீவைப்பும் நடந்தன. பக்கத்து நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. அந்தப் போராட்டத்துக்குத் துளியும் பொறுப்பில்லாத மீன்காரப் பெண்களின் பிழைப்பும் அதில் போனது.

அதன்பின் மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதி இல்லை என்றானது. 2018-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு காவிரிக்காக இங்கே 90 நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி ஒருநாள் மட்டும் அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்ய, இரு நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. காற்று வாங்க வருபவர்களுக்கும் கடற்கரையில் உரிமை உண்டுதானே என்று கேட்டால், நியாயம்தான். ஆனால் கண்ணகி சிலைக்கு அனுமதி இருக்கும் இடத்தில் கண்ணகிக்கு அனுமதி இல்லை என்பதும் நெருடுகிறது.

பறக்கும் ரயிலைப் பிடித்து இந்திரா நகர் போனால், ஸ்டேஷன் சுவர் முழுக்க மனித முகங்கள். எச்.ஐ.வி. பாதித்தவர்களை ஒதுக்காதீர்கள் என்று சொல்லும் பிரமாண்ட ஓவியம் அது. இன்னும் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் பல குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-லிருந்து குடியமர்த்திய இடம். 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர்கள் வந்து வண்ண வண்ணமாக வரைந்தார்கள். ஒதுங்கிப் பார்த்த ஊரை இப்போது கேமராவோடு தேடி வருகிறார்கள். அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அது பெருமை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்காகத் தினமும் நகரத்துக்குள் பஸ் ஏறும் அவர்களுடைய அம்மாக்கள் சொல்ல நினைப்பதை எழுத அந்தச் சுவரில் இடம் விடவில்லை.

கடைசியாகப் பெசன்ட் நகர். இங்கே கடற்கரைக்குப் போகாமல் தெருக்களுக்குள் விடியற்காலையில் நடந்து பாருங்கள். 2019 டிசம்பர் 29 அன்று, மார்கழி மாதம், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வாசகங்களோடு சிலர் இங்கே கோலம் போட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். போலீஸ் பிடித்துச் சென்று, பிறகு விட்டது. மறுநாளே அரசியல் தலைவர்களின் வீட்டு வாசல்களில்கூட அதே கோலம்! அந்தச் சட்டம் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். கோலமாவுக்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று அன்று பல வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

வாசல் யாருடையது? தண்ணீர் தெளிப்பது நாம், நிலம் மாநகராட்சியுடையது. சென்னை யாரையும் 'பேசாதே' என்று சொல்வதில்லை. 'இங்கே பேசாதே, அங்கே போய்ப் பேசு' என்கிறது. அந்த 'அங்கே', கேட்க வேண்டியவர் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை வள்ளுவர் கோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, கல்தேரைக் காட்டிவிட்டு நேரே வண்டி ஏறிவிடாதீர்கள். எதிரே ஷாமியானா போட்டிருந்தால் இரண்டு நிமிடம் நின்று, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள். அதற்காகத்தான் அவர்கள் ஐந்து நாள் முன்பே விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.