மாமாவின் பொங்கல் மேட்ச்

1975-ஆம் ஆண்டு. எலவனாசூர்கோட்டையில் எனக்குத் தலைப்பொங்கல். மாமனார் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீசோடு டெஸ்ட். விஸ்வநாத் அவுட்டாகாமல் 97 அடித்த ஆட்டம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்களுக்குப் பந்து என்றால் கால்பந்துதான். "என்ன மாமா, நின்னுகிட்டே இருக்கறது ஒரு ஆட்டமா?" என்றேன்.

"பொங்கலுக்குச் சேப்பாக்கத்துல ஆட்டம் அந்தக் காலத்துலேயே உண்டு மாப்பிள்ளை. வெள்ளைக்காரங்களுக்கும் நம்மாளுங்களுக்கும். கம்பெனியில தொரை முன்னால நிமிர்ந்து நிக்க முடியாது. அங்க நம்மாளு பந்து போட்டு தொரை குச்சி பறந்தா, எழுந்து நின்னு கை தட்டுவோம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த ஆட்டத்தின் கதையைப் படித்தேன். அதன் பெயர் பிரசிடென்சி மேட்ச். சேப்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் அன்று ஐரோப்பியருக்கு மட்டுமே இடம். அதனால் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இரு தரப்பும் மோத 1908-ல் ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆட்டத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1915-16 முதல் அது முதல்தர ஆட்டமாகி, பொங்கலையொட்டி நடந்துவந்தது. ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலனும் அதில் ஆடியவர்தான்.

சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். 1952 பொங்கலோடு ஆட்டம் நின்றது. அடுத்து கோபாலன் பெயரில் கோப்பை வைத்து, சென்னையும் இலங்கையும் ஆடின.

எதிராளி போய்விட்டதால் நின்றுபோன ஆட்டம் அது. நின்றதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. ஆனால் அதிகாரிகளின் மேசை முன் கோப்போடு நின்றே என் உத்தியோக காலம் கழிந்தது. அந்தக் கைதட்டலின் அருமை இப்போது எனக்குப் புரிகிறது. எந்த வருஷம் பார்த்தீர்கள், யார் பந்து போட்டது என்று கேட்டிருக்கலாம். கேட்க மாமா இல்லை.

போன காணும் பொங்கலன்று, அறுவடை முடிந்த வயலில் தெருப் பிள்ளைகள் ஸ்டம்ப் நட்டார்கள். "தாத்தா, அம்பயரா நில்லுங்க" என்றார்கள். ஆட்டத்தின் விதி எனக்கு இன்றும் பாதிதான் தெரியும். ஆனாலும் போய் நின்றேன். குச்சி பறந்தபோது, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கை தட்டினேன்.

அம்பயர் கை தட்டக்கூடாதாம். பிள்ளைகள் சொன்னார்கள்.