பெரிய பட்டை

முதல் வருஷம், எங்க காலேஜில் ரத்ததான முகாம். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று போர்டில் எழுதியிருந்தார்கள். நான் அதில் இரண்டு மடங்குக்கும் மேல், 96 கிலோ. ஜூஸும் பிஸ்கட்டும் உறுதி என்று முதல் ஆளாகப் போய் நின்றேன்.

பி.பி. பார்த்த நர்ஸ் அக்கா, "தம்பி, மாடிப்படி ஏறி ஓடி வந்தியா?" என்றார். இல்லை. பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். 152/96. 140/90 தாண்டினால் ரத்தம் எடுக்க மாட்டார்களாம். 18 வயசுல பி.பி.யா? அது தாத்தாவோட வியாதியாச்சே! பசங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ராத்திரி தூக்கம் வரல.

இன்ஜினியரிங் மூளை முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டது. அதில் பாதி சரி. பருமனான கையில் சின்ன பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஊரில் டாக்டர் பெரிய பட்டை சுற்றிப் பார்த்தார். 138/88. குறைந்தது, ஆனால் தப்பிக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் 2017 வரையறைப்படி, 13 வயசுக்கு மேல் 130/80 தொட்டாலே உயர் ரத்த அழுத்தம்தான். ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக்கூடாது என்று வேறு வேறு நாளில் மூன்று முறை வரச் சொன்னார். மூன்றும் அப்படியே.

எடை கூடக்கூட உடம்பில் ஓடும் ரத்தமும் கூடுதாம், இதயம் அதிகமா பம்ப் பண்ணணும். போதாததுக்கு, சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வலி மட்டும் இருக்காது. ஊறுகாய், அப்பளம் தட்டை விட்டுப் போச்சு. ஒன்றரை வருஷத்தில் 13 கிலோ குறைத்தேன்.

என் தங்கச்சிக்கு 15 வயசு. அவளும் குண்டுதான். எனக்கு வீட்டில் சொன்னது, "வளர்ற பையன், நல்லா சாப்பிடட்டும்." அவளுக்கு, "இப்படியே போனா எவன் கட்டிப்பான்?" அந்த வயசில் பையன்களுக்கு சராசரியா பி.பி. கொஞ்சம் அதிகம்தான், அதுக்காகப் பொண்ணுங்களுக்கு வராமலா இருக்கும்? அவள் எடையைப் பற்றி தினமும் பேசின வீட்டில், ஒரு நாள்கூட யாரும் அவள் கையில் அந்தப் பட்டையைச் சுற்றியதில்லை. நானும்தான்.

போன வாரம் கேட்டேன். "டயட்டு சொல்றதுக்குத்தானே?" என்று கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு முதலில் பார்க்கச் சொன்னேன். அப்புறம் அவளே கையை நீட்டினாள். 132/84.

சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கா: வெயிட் பார்க்கும்போது அம்மா ரூமுக்குள்ள இருக்கக்கூடாது.